தாழிக்குள் ஒரு குளிர்காலம்

ஒயின் தயாரிக்கும் இடம் என்றாலே அடுக்கி வைத்த மரப்பீப்பாய்களும் பளபளக்கும் எஃகுத் தொட்டிகளும்தான் நினைவுக்கு வரும். ஜார்ஜியாவின் கிராமத்து வீடுகளில் அப்படி எதுவும் கண்ணில் படாது. 'மரானி' என்று அவர்கள் சொல்லும் ஒயின் அறைக்குள் நுழைந்தால் இருப்பது வெறும் தரை. தரையில் ஆங்காங்கே வட்டமான வாய்கள், அவற்றை மூடிய கற்பலகைகள், விளிம்பைச் சுற்றிப் பூசிய ஈரக்களிமண். மற்றதெல்லாம் காலுக்குக் கீழே இருக்கிறது.

ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் மண் தாழிகளைக் கழுத்தளவு பூமிக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். 'குவேவ்ரி' என்று அதற்குப் பெயர். இலையுதிர்காலத்தில் பறித்த திராட்சையை, சாறும் தோலும் கொட்டையும் காம்புமாக, அப்படியே அதற்குள் போடுகிறார்கள். புளித்து அடங்கியதும் மூடிவிட்டு, குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து, வசந்தத்தில் திறக்கிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் எந்தப் பட்டியலும் இதைக் காப்பாற்றவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையோடு ஒட்டிக்கிடந்ததால்தான் இது பிழைத்தது. ஒரு குடும்பத்தின் தோட்டத்தையும் மரானியையும் சுற்றிப் பார்த்து, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்த பிறகு, எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் இருக்கும் நாடு ஜார்ஜியா. பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ பாதி. தலைநகர் டிபிலிசியில் மருத்துவம் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளால் இந்த நாட்டின் பெயர் இப்போது பல தமிழ் வீடுகளில் புழங்குகிறது. ஊரின் மேட்டில் நிற்கும் 'ஜார்ஜியத் தாய்' சிலையை அந்தப் பிள்ளைகள் தினமும் பார்த்திருப்பார்கள். 1958-ல் நிறுவிய சிலை அது. வலது கையில் பகைவனுக்கு வாள், இடது கையில் விருந்தாளிக்கு ஒயின் கிண்ணம்.

டிபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் கடாச்ரிலி கோரா, ஷுலவெரிஸ் கோரா என்று இரண்டு புதிய கற்கால மேடுகள் உள்ளன. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஊறிப்போயிருந்த டார்டாரிக் அமிலம், அவற்றில் ஒரு காலத்தில் திராட்சை ஒயின் இருந்ததைக் காட்டிக்கொடுத்தது. கி.மு. 6000-க்கும் 5800-க்கும் இடைப்பட்ட காலம் என்று பேட்ரிக் மெக்கவர்ன் உள்ளிட்ட ஆய்வாளர் குழு 2017-ல் அறிவித்தது. அதுவரை மிகப் பழைய ஒயின் தடயம் என்ற பெருமை ஈரானின் ஹாஜி ஃபிரூஸ் தேப்பேயிடம் இருந்தது. ஜார்ஜியப் பானைகள் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. மண்ணில் புதைக்கும் தாழி வந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். திராட்சையை மண்கலத்தில் ஊறவைக்கும் பழக்கம் மட்டும் அந்த மண்ணை விட்டு நீங்கவேயில்லை.

நம் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்து ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவையும் ஒயின் சுமந்தவைதான். கப்பலில் ஏற்றி இறக்குவதற்கென்றே இரண்டு காதுகள் வைத்துச் செய்தவை. குவேவ்ரிக்குக் காது கிடையாது. ஒருமுறை புதைத்தால் அது அசையாது. தாத்தா புதைத்த தாழியில்தான் பேரன் திராட்சை கொட்டுகிறான்.

கொம்போரி கணவாய் தாண்டி

ஜார்ஜியாவின் ஒயினில் பெரும்பகுதி கிழக்கே உள்ள ககேத்தி மாகாணத்திலிருந்து வருகிறது. டிபிலிசியிலிருந்து தெலாவி ஊருக்குக் கொம்போரி கணவாய் வழியாகப் போகலாம். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம் வரை காட்டுக்குள் வளைந்து ஏறி, மறுபக்கம் இறங்கும்போது அலசானி ஆற்றுச் சமவெளி விரிகிறது. அதன் வட எல்லையில் காகசஸ் மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதற்கு அப்பால் ரஷ்யாவின் தாகெஸ்தான்.

சமவெளியின் நடுவே தன்னந்தனியாகத் தெரியும் கோபுரம் அலவெர்டி மடாலயத்துடையது. பதினோராம் நூற்றாண்டின் தேவாலயம். டிபிலிசியில் புதிய பேராலயம் 2004-ல் திறக்கப்படும்வரை நாட்டிலேயே உயரமான தேவாலயம் இதுதான். இதன் துறவிகளும் தாழியில் ஒயின் வைப்பவர்கள். சோவியத் காலத்தில் அறுந்துபோன அந்த வேலையை 2006-ல் மறுபடி தொடங்கினார்கள். நான்காம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நீனோவின் சிலுவை, திராட்சைக் கொடியை அவர் தலைமுடியால் கட்டிச் செய்தது என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

க்வாரெலி ஊரில், மலையைக் குடைந்து சோவியத் காலத்தில் வெட்டிய 7.7 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ஒரு பெரிய நிறுவனத்தின் ஒயின் கிடங்கு இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே வரிசைகட்டி நிற்கும். பார்க்கலாம், தவறில்லை. நேரம் கொஞ்சமாக இருந்தால் அதை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குப் போங்கள் என்பேன்.

நாங்கள் போன வீடு தெலாவிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தது. செப்டம்பர் கடைசி. 'ர்த்வேலி' எனப்படும் திராட்சை அறுவடைக் காலம். நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் மருமக்களும் ஊர் திரும்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர்; பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வதையெல்லாம் மகள் ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார்.

கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேல் பந்தல் போட்டுத்தான் பன்னீர்த் திராட்சையைப் படரவிடுகிறார்கள். ககேத்தியில் கம்பி இழுத்து, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே கொடியை நிறுத்திவிடுகிறார்கள். குனிந்தபடியே பறிக்கவேண்டும், அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. முதல் வரிசைகளில் ர்கட்சிதேலி. வெள்ளைத் திராட்சைதான், ஆனால் காம்பு சிவந்திருக்கும். அடுத்த வரிசைகளில் சாபெராவி. இதன் பெருமை, தோல் மட்டுமல்லாமல் சதையும் சிவப்பு என்பது. கறுப்புத் திராட்சையில் பெரும்பாலான வகைகளைப் பிழிந்தால் வெளிறிய சாறுதான் வரும். சாபெராவியை நசுக்கினால் விரலில் பட்ட கறை இரண்டு கழுவலுக்கும் போகாது.

தோட்டத்தின் ஓரத்தில் வாத்தியார் தனியாகப் பாதுகாக்கும் சில கொடிகள் இருந்தன. கிசி, க்ஹிக்ஹ்வி என்று அவற்றுக்குப் பெயர் சொன்னார். ஜார்ஜியாவின் சொந்தத் திராட்சை வகைகள் ஐந்நூறுக்கு மேல் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். சோவியத் ஆட்சியில் திட்டம் போட்டவர்களுக்கு அதிக விளைச்சல் தரும் சில வகைகளே போதுமானதாக இருந்தன. மற்றவை வீட்டு வேலியோரங்களில்தான் உயிர் பிழைத்தன.

மூடியைத் திறந்தபோது

மரானியில் ஒரு தாழி திறந்திருந்தது. சில நாள் முன்பு கொட்டிய ர்கட்சிதேலி உள்ளே புளித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை; பழத்தின் தோலிலும் அந்த அறையிலும் இருப்பதே போதும். நுரைக்கும்போது எழும் வாயு தோலையும் காம்பையும் மேலே தள்ளிவிடுகிறது. தாழியின் வாயில் கனத்த ஆடைபோல அது திரண்டு நிற்கிறது. அப்படியே விட்டால் மேற்பரப்பு காய்ந்து, காற்றுப்பட்டு, காடியாகத் திரும்பிவிடும். அதனால் நீண்ட கழியால் அதை உள்ளே அமுக்கிக் கலக்கவேண்டும். பகலில் பல தடவை, இரவிலும் எழுந்து வந்து.

வாத்தியார் கழியை என் கையில் கொடுத்தார். நான் நினைத்ததைவிட அந்த ஆடை கெட்டியாக இருந்தது. முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தியதும் ஒரு இடத்தில் உடைந்தது. உள்ளிருந்து சீறலோடு நுரை பொங்கி விளிம்புவரை ஏறியது. கூடவே ஒரு காட்டம். குனிந்து முகர்ந்தால் மூக்கு எரிந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அது கரியமில வாயு. காற்றோட்டம் இல்லாத அறையில் ஆளையே சாய்த்துவிடும். அறுவடைக் காலத்தில் மரானியின் கதவையும் சன்னலையும் இரவிலும் சாத்துவதில்லையாம்.

ஐரோப்பாவில் வெள்ளை ஒயின் வைப்பவர்கள் சாறு பிழிந்ததுமே தோலை அகற்றிவிடுவார்கள். ககேத்தியில் ஐந்து, ஆறு மாதம் சாறு தோலோடும் கொட்டையோடுமே கிடக்கிறது. கசப்பு ஏறிவிடாதா என்று கேட்டேன். வாத்தியார் சுவரில் கரித்துண்டால் தாழியின் படம் போட்டார்: அகன்ற வயிறு, கூம்பிய அடி. புளிப்பு அடங்கியதும் முதலில் கொட்டைகள் இறங்கி அந்தக் கூம்பில் குவிந்துவிடும். அதன்மேல் தோல் படிந்து மூடிக்கொள்ளும். கசக்கும் கொட்டை அடியிலே அடைபட்டுப்போக, மேலே ஒயின் தானாகத் தெளிகிறது. சுற்றியுள்ள மண் வெயிலிலும் பனியிலும் ஒரே சீரான குளிர்ச்சியைக் கொடுக்கிறது. வடிகட்டி கிடையாது, மோட்டார் கிடையாது, மின்சாரமே தேவையில்லை. வடிவத்துக்குள்ளேயே வேலை முழுவதையும் வைத்துவிட்டார்கள். அந்தக் கரிப்படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

தாழி செய்கிறவர்கள் இன்று வெகு சிலரே. தெலாவிக்குப் பக்கத்தில் வர்டிசுபானி, மேற்கே இமெரெத்தியில் ஷ்ரோஷா, மகதுபானி போன்ற ஊர்களில் சில குடும்பங்கள். சக்கரத்தில் வனைய முடியாத அளவு இது. களிமண்ணைத் திரித்து, அடியிலிருந்து வளையம் வளையமாக ஏற்றவேண்டும். ஒரு வளையம் காய்ந்து இறுகிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் சொந்தப் பாரத்திலேயே உட்கார்ந்துவிடும். பெரிய தாழி நிமிர வாரக்கணக்கில் ஆகும். பிறகு சூளை. வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, நாள்கணக்கில் விறகு எரித்துச் சுடுகிறார்கள். சூடு முழுக்க ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு பூசுகிறார்கள். மண்ணின் நுண்துளைகளுக்குள் மெழுகு இறங்கிக்கொள்கிறது. வெளிப்புறத்தில் சுண்ணாம்பு. எங்காவது மயிரிழை விரிசல் இருந்தாலும், அது தெரியவரும்போது ஒரு வருட ஒயின் மண்ணுக்குள் போயிருக்கும்.

கழுவுவதும் லேசான வேலையல்ல. செர்ரி மரப்பட்டைகளை அடுக்கித் தைத்த தேய்ப்பானை நீளக் கம்பில் கட்டி, சுண்ணாம்பும் சாம்பல் நீரும் விட்டுத் தேய்க்கிறார்கள். தாழி பெரிதாக இருந்தால் ஆளே உள்ளே இறங்கவேண்டும். கடைசியில் கழுவிய தண்ணீர் குடிக்கும் அளவு தெளிந்தால்தான் தாழி சுத்தம்.

சுவைப்பதற்கு முந்தைய வருட ஒயினைக் கொண்டுவந்தார்கள். நிறம் தேநீருக்கும் தேனுக்கும் நடுவே. உலகச் சந்தையில் 'ஆரஞ்சு ஒயின்' என்று விற்பது இந்த வகைதான். பழத்தின் தித்திப்பை எதிர்பார்த்து வாய் வைக்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். வாதுமையும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் முதலில் மணக்கின்றன. விழுங்கிய பிறகு ஈறு இழுபடும் அளவுக்குத் துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்கு இடம் கொடுத்த நாவுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்; நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்ததுபோல, கொஞ்ச நேரத்தில் தொண்டையில் ஒரு இனிமை மேலெழும்புகிறது. சாபெராவி வேறு மாதிரி. கிண்ணத்தின் அடி தெரியாத கருஞ்சிவப்பு, முகத்தில் அறைகிற புளிப்பு. அது தனியாகக் குடிப்பதற்கல்ல, கறியோடு வைத்துக்கொள்வதற்கு.

தமடாவின் மேசை

முற்றத்தில் வால்நட் மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். வீட்டு அம்மா கொப்பரையில் திராட்சைச் சாற்றை மாவு கலந்து காய்ச்சிக்கொண்டிருந்தார். நூலில் கோத்த வால்நட் பருப்புகளை அதில் முக்கி எடுத்து, கொம்பில் தொங்கவிட்டு, கொஞ்சம் காய்ந்ததும் மறுபடி முக்குகிறார். 'சுர்ச்சகேலா' என்ற இந்தப் பண்டத்தைத் தூரத்தில் பார்ப்பவர்கள் மெழுகுவத்தி என்றே நினைப்பார்கள். மாதக்கணக்கில் கெடாது. பக்கத்தில் 'தோனே' என்ற மண் அடுப்பு. மருமகள் இடுப்புவரை அதற்குள் குனிந்து, நீட்டிய மாவைச் சுவரில் அறைந்து ஒட்டினார். பொன்னிறத்தில் உப்பியதும் கொக்கியால் பெயர்த்தெடுத்தார். படகு வடிவ ரொட்டி; முனை மொறுமொறு, நடுவே பஞ்சு.

மேசையில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. வால்நட் விழுதை உள்ளே வைத்துச் சுருட்டிய கத்திரிக்காய், மேலே மாதுளை முத்துகள். கீரையையும் பீட்ரூட்டையும் அதே விழுதில் பிசைந்த உருண்டைகள். பாலாடைக்கட்டி அடைத்த கச்சாபூரி. மண்சட்டியில் காராமணிபோல வெந்த லோபியோ பீன்ஸ், மேலே கொத்தமல்லித்தழை. வால்நட் விழுதில் பூண்டு, கொத்தமல்லி விதை, ஒருவகை வெந்தயம், பொடித்த செண்டுமல்லி இதழ் எல்லாம் சேர்கின்றன. சைவக்காரர்கள் இந்த ஊரில் பசியோடு எழுந்திருக்கவே வழியில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு நாள்கள் நிறைய. 'நோன்புச் சாப்பாடு' என்று கேட்டால் முட்டை, பால் கூட இல்லாத பந்தி கிடைக்கும். அசைவக்காரர்களுக்கு 'ம்த்ஸ்வாடி': கவாத்து செய்து கட்டி வைத்த திராட்சைக் கொடிச் சுள்ளிகளை எரித்து, அந்தத் தணலில் சுட்ட பன்றி இறைச்சி.

இந்த விருந்துக்கு 'சுப்ரா' என்று பெயர். இதை நடத்தும் தலைவர் 'தமடா'. அன்று அது வாத்தியாரின் அண்ணன். தமடா எழுந்து ஒரு பொருளைச் சொல்லி வாழ்த்தாமல் யாரும் கிண்ணத்தைத் தொடக்கூடாது. முதலில் இறைவனுக்கும் அமைதிக்கும். பிறகு நாட்டுக்கு, வந்த விருந்தாளிகளுக்கு. இறந்தவர்களை நினைத்து எழுந்த வாழ்த்தில் பேச்சு நின்றது. தமடா தன் பெற்றோர் பெயரைச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, 'உங்கள் வீட்டில் போனவர்களின் பெயரையும் சொல்லுங்கள்' என்றார். முன்பின் தெரியாத அந்த மேசையில் என் தகப்பனார் பெயரைச் சொன்னேன். எல்லோரும் அதைத் தட்டுத்தடுமாறி உச்சரித்துவிட்டுக் குடித்தார்கள். அடுத்த வாழ்த்து உடனே குழந்தைகளுக்கு. துக்கத்தோடு யாரையும் நிறுத்திவிடக்கூடாது என்பதற்காகவே இந்த வரிசை என்றார் மகள்.

குடியால் சிதைந்த குடும்பங்களைத் தெருவுக்குத் தெரு பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடையில் வாங்கி, மறைவில் நின்று, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வருகிற குடியைத்தான் நமக்குத் தெரியும். ககேத்தியிலும் குடித்துக் கெட்டவர்கள் இருக்கிறார்கள்; வாத்தியாரே தன் தெருவில் இரண்டு வீட்டைக் காட்டினார். இருந்தாலும் அந்த மேசையில் நான் பார்த்த ஒழுங்கு உண்மையானது. பாட்டி முதல் பேரன் வரை கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் ஒரு பேச்சு இருக்கிறது, நிலை தவறும் தமடாவுக்கு ஊரில் மரியாதை கிடையாது. குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. எங்களில் ஒருவர் மாதுளைச் சாற்றை வைத்தே கடைசிவரை வாழ்த்தினார்.

பாட்டும் வந்தது. மூன்று குரல், மூன்று தனி வழி. கீழே ஒன்று கார்வையாக நிற்க, மேலே இரண்டும் மோதிப் பிரிந்து சேர்கின்றன. ககேத்தியின் 'சக்ருலோ' என்ற விருந்துப் பாட்டை 1977-ல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் பதித்து அனுப்பினார்கள். நம் நாட்டிலிருந்து அதே தட்டில் போனது கேசர்பாய் கேர்க்கரின் குரல்.

வெட்டிய கொடிகள்

சாப்பாட்டின் நடுவே பேச்சு பழைய காலத்துக்குத் திரும்பியது. சோவியத் ஆட்சியில் திராட்சை எடைக்கணக்கில் தொழிற்சாலைக்குப் போனது. மாஸ்கோவுக்குப் பிடித்தது அரை இனிப்பு ஒயின். 1985-ல் கொர்பச்சோவ் மதுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். வோட்கா அந்தச் சமூகத்தை அரித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அந்த நடவடிக்கையில் திராட்சைத் தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. கூட்டுப்பண்ணைத் தோட்டத்தை டிராக்டர் விட்டு உழுத நாளைத் தமடா சொல்லும்போது அவர் கை மேசை விரிப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுப் பின்புறத்தில் நாலு வரிசை கொடியும் புதைத்த தாழிகளும் மட்டும் தப்பின. அவை விற்பனைக்கல்ல, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஆனவை.

இரண்டாவது அடி 2006-ல். ஏற்றுமதியில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யா, ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. 2013-ல்தான் தளர்த்தியது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த நாடு வேறு வாசல்களைத் தட்டவேண்டி வந்தது. அங்கே விலை போனது, யாரும் பொருட்படுத்தாமல் கிடந்த தாழி ஒயின். இத்தாலியின் ஒயின் தயாரிப்பாளர் யோஷ்கோ கிராவ்னர் அதற்கு முன்பே, 2000-ல் ஜார்ஜியா வந்து பார்த்துவிட்டு, தன் தோட்டத்தில் குவேவ்ரிகளைப் புதைத்திருந்தார். 2007-ல் சிக்னாகி ஊரில் அமெரிக்க ஓவியர் ஜான் வர்ட்மனும் உள்ளூர் விவசாயி கேலா பதலிஷ்விலியும் சேர்ந்து தொடங்கிய 'ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்' நிறுவனம் இந்த ஒயினை வெளிநாட்டு உணவகங்கள்வரை கொண்டுபோனது. தடை நீங்கியபின் ரஷ்யாவே மறுபடி மிகப்பெரிய வாடிக்கையாளராகிவிட்டது. அந்த மேசையில் எல்லோருக்கும் இது கவலைதான்.

போக நினைப்பவர்கள் செப்டம்பர் பின்பாதியிலோ அக்டோபரிலோ போனால் அறுவடை பார்க்கலாம். தாழி திறப்பதைப் பார்க்க மார்ச், ஏப்ரல். சாப்பாடு வேண்டுமென்றால் வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். வண்டிக்கு ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள். ஒயின் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை வடித்து எடுக்கும் 'சாச்சா' கடும் சாராயம். கடைசியில் அதை நீட்டுவார்கள், நெஞ்சில் கைவைத்து மறுத்தால் புரிந்துகொள்வார்கள்.

விருந்தாளிகள் வந்து போவதால் வரும் பணத்தை மகள்தான் நிர்வகிக்கிறார். எஃகுத் தொட்டி வாங்கி உற்பத்தியைப் பெருக்கலாம் என்று அவருடைய தம்பி சொல்கிறார். அந்த யோசனையில் நியாயமும் இருக்கிறது, தொட்டி கழுவ எளிது, விரிசல் விடாது. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டியைப் பார்க்க இத்தனை தூரம் யார் வருவார்கள் என்பது அவர் கேள்வி. வர்டிசுபானியில் ஒரு புதிய தாழிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். செய்கிறவர்கள் குறைவு, கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், வரிசை நீளம். அடுத்த ர்த்வேலிக்குள் அது வந்து சேர்ந்தால் வாத்தியாரின் கிசித் திராட்சைக்கு முதல்முறையாகத் தனித் தாழி கிடைக்கும். மரானியின் வடக்கு மூலையில் அதற்கான குழியைத் தம்பியே தோண்டி வைத்துவிட்டார்.